பழைய கணினி இயங்கவில்லையா? 'போர்டு போச்சு' என்று நம்புமுன் இதைப் பாருங்கள்

பெக்கோக் – மாலை மழை இங்கே யாருக்கும் புதிதல்ல. எண்டாவ்-ரொம்பின் காட்டுப் பக்கமிருந்து மேகம் கறுத்துக்கொண்டு வரும். நாலு இடி இடிக்கும், மின்சாரம் ஒரு முறை போய் வரும். மறுநாள் காலையில் வரவேற்பறை மூலையில் இருக்கும் பழைய மேசைக் கணினியின் பொத்தானை அழுத்தினால் மூச்சுப் பேச்சு இருக்காது.

சிகாமட் மாவட்டத்தின் இந்தச் சிறு பட்டணத்தில் கணினி படுத்துவிட்டால், அதைக் காரில் ஏற்றிக்கொண்டு லாபிசுக்கோ சிகாமட்டுக்கோ குளுவாங்கிற்கோ போக வேண்டியிருக்கும். கடையில் வைத்துவிட்டு வந்து, இரண்டு நாள் கழித்துப் போன் செய்தால் பல நேரங்களில் வரும் பதில் ஒன்றுதான்: "போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க."

அந்தப் பதில் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஒரு பட்டாணி அளவு சுவிட்ச் தேய்ந்துபோனதாலும், ரேம் பட்டையின் முனையில் பாசி போலப் படிந்த அழுக்காலும்கூடக் கணினி இதே போலத்தான் மௌனமாக இருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. வித்தியாசம் பணத்தில் தெரியும். ஒன்றுக்குச் சில ரிங்கிட், மற்றொன்றுக்குப் பல நூறு.

பணத்தைவிடப் பெரியது ஒன்று உண்டு. பத்து, பதினைந்து ஆண்டுகளாக வீட்டில் இருக்கும் கணினிக்குள் கல்யாணப் படங்கள் இருக்கும். இறந்துபோன தாத்தாவின் காணொளி இருக்கும். பிள்ளைகளின் பிறப்புப் பத்திர நகல், பள்ளி நாடக ஒளிப்பதிவு எல்லாம் இருக்கும். கைப்பேசிக்கு மாறிய பிறகு அவற்றை யாரும் வேறு இடத்தில் எடுத்து வைத்திருக்க மாட்டார்கள். 'பழசு போனால் போகட்டும்' என்று கணினியைக் கொடுக்கும்போது இவையும் சேர்ந்தே போகின்றன.

ஒரு திருப்புளி, ஒரு தூரிகை, கொஞ்சம் பொறுமை இருந்தால், பழுது எந்தப் பாகத்தில் என்பதை வீட்டிலேயே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். சரிசெய்வது கடைக்காரர் வேலையாகவே இருக்கட்டும். எது பழுது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போவது வேறு, தெரியாமல் போவது வேறு.

பழைய கணினியில் உள்ள வசதி

இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் ரேமையும் சேமிப்பகத்தையும் பலகையோடு சேர்த்தே ஒட்டிவிடுகிறார்கள். பழைய மேசைக் கணினி அப்படியல்ல. 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் தனியாள் கணினியை வெளியிட்டபோதே பாகங்களைக் கழற்றி மாற்றும் அமைப்பு வந்துவிட்டது. 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறை, பெட்டி, மதர்போர்டு, பவர் சப்ளை ஆகியவற்றின் அளவையும் இணைப்பையும் பொதுவாக்கியது. அதனால்தான் 2010இல் வாங்கிய கணினிக்கு இன்று கடையில் கிடைக்கும் பவர் சப்ளை பொருந்துகிறது. சில பெரிய நிறுவனங்களின் ஒல்லிப் பெட்டிக் கணினிகள் மட்டும் விதிவிலக்கு. அவற்றுக்குச் சொந்த அளவு, சொந்த இணைப்பு.

பாகங்கள் தனித்தனி என்பதால் சந்தேகப்படும் பாகத்தைக் கழற்றிப் பார்க்கலாம், அண்டை வீட்டு நல்ல பாகத்தைப் போட்டுப் பார்க்கலாம். கண்டுபிடிக்கும் முறை முழுவதும் இவ்வளவுதான். ஒரு விதி மட்டும் உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ரேமையும் கேபிளையும் ஒரே மூச்சில் மாற்றிக் கணினி ஓடிவிட்டால், குற்றவாளி யார் என்பது கடைசிவரை தெரியாது. பழைய பள்ளி நோட்டு ஒன்றில் எதை மாற்றினோம், என்ன நடந்தது என்று எழுதிக்கொண்டே போவது நல்லது. மூன்றாவது சோதனைக்குள் முதல் சோதனை மறந்துவிடும்.

முதலில் கோப்புகள்

கணினி ஓடவில்லை என்றதும் திரும்பத் திரும்பப் பொத்தானை அழுத்துவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். உள்ளிருந்து 'டிக்... டிக்... டிக்' என்று சீரான சத்தம் வந்தால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும். அது ஹார்ட் டிஸ்க்கின் படிக்கும் முனை இடம் தெரியாமல் தடுமாறும் ஒலி. இந்த நிலையில் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தட்டில் கீறல் விழ வாய்ப்புண்டு. கீறிய இடத்தில் இருந்த படம் திரும்பாது.

சத்தம் எதுவும் இல்லையென்றால் நல்ல செய்தி. பவர் சப்ளையோ மதர்போர்டோ செத்திருந்தாலும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, டிஸ்க்கின் நான்கு திருகுகளைக் கழற்றி வெளியே எடுக்கலாம். சாட்டா இணைப்பை யு.எஸ்.பி.யாக மாற்றும் சிறு கருவி கணினிக் கடைகளில் கிடைக்கும். மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் தேவை என்பதால், தனி அடாப்டரோடு வரும் கருவியாகப் பார்த்து வாங்க வேண்டும். மடிக்கணினிகளுக்கான சிறிய கருவி இதைச் சுழற்றாது. பிறகு வேறொரு கணினியில் செருகிக் கோப்புகளை நகலெடுக்கலாம்.

செருகியதும் திரையில் 'ஃபார்மட் செய்யவா?' என்று கேள்வி வந்தால், வேண்டாம் என்றே அழுத்த வேண்டும். 'பிழைகளைச் சரிசெய்யவா?' என்று கேட்டாலும் அப்படித்தான். பழுதடைந்துகொண்டிருக்கும் டிஸ்க்கில் திருத்தும் வேலையைத் தொடங்கினால், மிச்சம் இருப்பதும் கலைந்துவிடக்கூடும். முதலில் நகல், மற்றதெல்லாம் பிறகு.

மூன்று விதமான மௌனம்

'கணினி ஓடவில்லை' என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறோம். உற்றுப் பார்த்தால் அதில் மூன்று நிலைகள் உண்டு. விளக்கும் எரியவில்லை, விசிறியும் சுற்றவில்லை என்பது ஒன்று. விசிறி சுற்றுகிறது, திரையில் மட்டும் எதுவும் வரவில்லை என்பது இரண்டாவது. திரை வந்து, வேலை செய்துகொண்டிருக்கும்போதே உறைந்துபோகிறது அல்லது தானாக அணைந்து எழுகிறது என்பது மூன்றாவது. எந்த நிலை என்று முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சந்தேகம் கழன்றுவிடும்.

விளக்கே எரியவில்லை என்றால் கணினிக்குள் கை வைப்பதற்கு முன் சுவரைப் பார்க்க வேண்டும். அதே சாக்கெட்டில் மேசை விளக்கையோ கைப்பேசி சார்ஜரையோ செருகிப் பாருங்கள். பல துளைகள் உள்ள நீட்டிப்பு வயரைத் தவிர்த்து நேராகச் சுவரில் செருகுங்கள். நம் நாட்டு மூன்று கால் மின்செருகிக்குள் ஒரு சிறு ஃபியூஸ் இருக்கிறது, அது போயிருக்கலாம். மானிட்டருக்குப் போகும் மின்வயரும் கணினிக்குப் போகும் வயரும் பெரும்பாலும் ஒரே வகை என்பதால் இரண்டையும் மாற்றிப் போட்டாலே வயர் நல்லதா என்று தெரிந்துவிடும். கணினியின் பின்புறம் பவர் சப்ளைக்கென்று தனியாக ஒரு சுவிட்ச் உண்டு. வீடு கூட்டும்போது துடைப்பம் பட்டு அது அணைந்திருந்ததற்காகக் கணினியைச் சிகாமட் வரை சுமந்து போக வேண்டாம்.

இவை எல்லாம் சரியென்றால், மின்செருகியைப் பிடுங்கிவிட்டுக் கணினியின் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து, மீண்டும் செருகி இயக்கிப் பாருங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்ததும் சில நேரம் கணினி எழுந்துவிடும். அப்படி எழுந்துவிட்டால் அதைக் குணமானதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பவர் சப்ளை தளர்ந்து வருவதன் முன்னறிவிப்பாகவும் அது இருக்கலாம்.

அடுத்து முன்புறப் பொத்தான். பல ஆண்டுகள் தினமும் அழுத்தப்பட்ட அந்தச் சிறு சுவிட்ச் தேய்ந்துவிடுவது சகஜம். அதிலிருந்து மெல்லிய இரண்டு வயர் மதர்போர்டின் ஓரத்தில் 'பவர் சுவிட்ச்' என்று குறிக்கப்பட்ட இரண்டு ஊசிகளுக்குப் போகும். அந்த வயரைக் கழற்றிவிட்டு, திருப்புளி நுனியால் இரண்டு ஊசிகளையும் ஒரு கணம் தொட்டால் கணினி ஓடவேண்டும். ஓடினால் பழுது பொத்தானில்தான். அங்கே இருப்பது சில வோல்ட் மட்டுமே, ஆபத்தில்லை. ஆனால் அந்த இரண்டு ஊசிகளைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. எந்த இரண்டு என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் இந்தச் சோதனையை விட்டுவிடுவதே சரி.

முதலில் சந்தேகப்பட வேண்டியது பவர் சப்ளை

பழைய கணினியில் மற்ற எல்லாப் பாகங்களையும்விடச் சீக்கிரம் களைத்துப்போவது பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றிக் கொடுப்பது அதன் வேலை. உள்ளே இருக்கும் மின்தேக்கிகள், அதாவது கெபாசிட்டர்கள், திரவம் நிறைந்த சிறு உருளைகள். வெப்பம் 10 டிகிரி கூடினால் இவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுவியலாளர் வைத்திருக்கும் கணக்கு. குளிர்சாதனம் இல்லாத தகரக் கூரை வீட்டில், சுவரோடு ஒட்டி வைத்த பெட்டிக்குள் இந்தக் கணக்கு எப்படி ஓடும் என்று யோசித்துப் பாருங்கள்.

பவர் சப்ளையில் உள்ள சங்கடம், அது தன் பழுதைத் தன் பெயரில் காட்டாது. 12 வோல்ட் கொடுக்க வேண்டிய இடத்தில் 11 வோல்ட் கொடுத்தால் ஹார்ட் டிஸ்க் திணறும், பார்ப்பவர் டிஸ்க்கைப் பழிப்பார். மின்சாரம் சீராக இல்லாவிட்டால் ரேமில் பிழை வரும், ரேமைப் பழிப்பார். விளையாட்டு ஓடும்போது மட்டும் கணினி அணைந்தால் கிராஃபிக்ஸ் கார்டைப் பழிப்பார். ஒன்றன்பின் ஒன்றாகப் பாகங்களை வாங்கிப்போட்டுப் பணம் கரைந்த பிறகுதான் உண்மை வெளிவரும். ஆகவே வேறு எந்தப் பாகத்தையும் விலை கொடுத்து வாங்குவதற்கு முன், தெரிந்தவர் வீட்டிலிருந்து நல்ல பவர் சப்ளை ஒன்றை ஒரு மாலை நேரத்துக்கு இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பது மிகவும் லாபம்.

இரவல் கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி உண்டு. மின்செருகியைப் பிடுங்கி, பவர் சப்ளையின் இணைப்புகள் அனைத்தையும் மதர்போர்டிலிருந்து கழற்றிவிட வேண்டும். 24 துளை கொண்ட பெரிய இணைப்பில் பச்சை வயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அந்தத் துளையையும் பக்கத்தில் உள்ள ஏதாவதொரு கறுப்பு வயர் துளையையும் வளைத்த காகிதக் கிளிப்பால் இணைத்து, கையை எடுத்த பிறகு மின்சாரம் கொடுங்கள். பவர் சப்ளையின் விசிறி சுற்ற வேண்டும். சில பவர் சப்ளைகள் சுமை இல்லாமல் ஓடாது என்பதால் பழைய டிவிடி டிரைவ் ஒன்றை மட்டும் அதில் மாட்டி வைக்கலாம். வயர்கள் எல்லாமே கறுப்பாக இருக்கும் வகையிலும், நிறுவனத்தின் சொந்த இணைப்பு உள்ள வகையிலும் இதைச் செய்ய வேண்டாம்.

விசிறி சுற்றவே இல்லை என்றால் பவர் சப்ளை போய்விட்டது. சுற்றினால் அது உயிரோடு இருக்கிறது என்று மட்டுமே பொருள், ஆரோக்கியமாக இருக்கிறது என்று அல்ல. வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் நான்கு ஊசி இணைப்பில் மஞ்சள் வயருக்கும் கறுப்புக்கும் இடையே 11.4 முதல் 12.6 வோல்ட் வரை இருக்க வேண்டும். சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வரை. இந்த எல்லைக்கு வெளியே போனால் மாற்ற வேண்டியதுதான்.

பவர் சப்ளையின் உலோகப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. மின்செருகியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். அது ஆளைக் கொல்லும். அதைத் திறந்து பழுதுபார்க்கும் அளவுக்கு அதன் விலையும் பெரிதல்ல.

இன்னொன்று. தோட்டப்புற வீடுகளில் வசிப்பவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெதுவெதுப்பான இடம் தேடும் பல்லிக்கும் எறும்புக்கும் பவர் சப்ளைதான் மாளிகை. பல்லி ஒன்று தவறான இரண்டு முனைகளுக்கு இடையே கால் வைத்தால் 'பட்' என்ற சத்தம், கருகிய நாற்றம், அத்தோடு சரி. நாற்றம் வந்த பவர் சப்ளையை மறுபடி இயக்கிப் பார்க்க ஆசைப்பட வேண்டாம். எறும்பு புகுந்திருந்தால் ஓடும் கணினிக்குள் பூச்சிமருந்து அடிப்பதும் கூடாது, அது தீப்பற்றக்கூடியது.

விசிறி சுற்றுகிறது, திரை இல்லை

இரண்டாவது நிலையில் பலரும் பயந்துவிடுகிறார்கள். உண்மையில் எளிதில் சரியாகும் வாய்ப்பு இதில்தான் அதிகம்.

மானிட்டர் வயர் சரியான இடத்தில் செருகியிருக்கிறதா? தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் திரைக்கான துளைகள் இரண்டு இடத்தில் இருக்கும். துடைத்து வைத்த பிறகு தவறான துளையில் செருகிவிட்டு, கணினி செத்துவிட்டது என்று முடிவு கட்டியவர்கள் கொஞ்சம் பேர் அல்ல.

அடுத்து ரேம். நம் காற்றின் ஈரப்பதத்தில் ரேம் பட்டையின் உலோகப் பற்களில் மெல்லிய படலம் படிகிறது. மின்செருகியைப் பிடுங்கி, கணினியின் உலோகச் சட்டத்தை ஒரு முறை தொட்டுவிட்டு, இரு பக்கக் கொக்கிகளையும் விரித்து ரேமைக் கழற்றுங்கள். பற்களை மென்மையான பென்சில் அழிப்பானால் லேசாகத் தேய்த்து, துகள் இல்லாமல் துடைத்து, 'கிளிக்' என்று கேட்கும்வரை திரும்ப அழுத்துங்கள். இரண்டு பட்டைகள் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும், பிறகு மற்றொன்றை, பிறகு வேறு துளையில். பட்டை பழுதா, துளை பழுதா என்பது அப்போதுதான் பிரியும்.

இதற்கு மேலும் திரை வராவிட்டால் ஓர் அருமையான சோதனை இருக்கிறது. ரேமை முழுவதும் எடுத்துவிட்டுக் கணினியை இயக்குங்கள். மதர்போர்டில் சிறு ஒலிபெருக்கி இணைந்திருந்தால் 'பீப்' சத்தம் கேட்க வேண்டும். 'எனக்கு ரேம் இல்லை' என்று மதர்போர்டு புகார் செய்கிறது. புகார் செய்வதற்கு மதர்போர்டும் அதன் மேல் இருக்கும் பிராசசரும் உயிரோடு இருந்தாக வேண்டும். 'போர்டு போச்சு' என்ற தீர்ப்பை மறுக்க இதைவிட எளிய சாட்சி கிடையாது. எத்தனை பீப், நீளமா குட்டையா என்பதற்கு அர்த்தம் உண்டு. அது மதர்போர்டைத் தயாரித்த நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், கணினியின் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒலிபெருக்கியே இல்லாத போர்டில் மௌனத்தை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

பீப் கேட்டும் திரை இல்லையென்றால் தனி கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, மதர்போர்டிலேயே உள்ள துளையில் மானிட்டரைச் செருகிப் பார்க்கலாம். டிஸ்க், டிவிடி, யு.எஸ்.பி. கருவிகள் எல்லாவற்றையும் கழற்றி, பவர் சப்ளை, மதர்போர்டு, பிராசசர், ஒரே ஒரு ரேம் என்று குறைந்தபட்சமாக்கி இயக்குவதும் நல்ல வழி. விசிறி ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடும் கணினிகளில் இது முக்கியம். ஏதோ ஒரு கருவியில் மின்கசிவு இருந்தால் பவர் சப்ளை தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். எதைக் கழற்றியதும் ஓடுகிறதோ, அதுவே காரணம்.

நாணயம் போன்ற மின்கலம் ஒன்றும் மதர்போர்டில் இருக்கும். எண் சி.ஆர்.2032, 3 வோல்ட், கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். கணினியின் தேதி ஒவ்வொரு முறையும் பல ஆண்டு பின்னால் போனால் அது தீர்ந்துவிட்டது என்று பொருள். சில பழைய போர்டுகள் இந்த மின்கலம் தீர்ந்தால் எழுந்திருக்கவே அடம் பிடிக்கும்.

ஓடிக்கொண்டே உறையும் கணினி

மூன்றாவது நிலைதான் பொறுமையைச் சோதிப்பது. நேரம் ஒரு துப்பு. இயக்கிய சில நிமிடங்களில் அணைந்து, உடனே மறுபடி இயக்கினால் இன்னும் சீக்கிரம் அணைந்தால், அது வெப்பம். பிராசசர் தாங்க முடியாத சூட்டை எட்டும்போது தானே அணைந்துகொள்ளும். பக்கத் தகட்டைத் திறந்தால் விசிறிக்கும் அலுமினியச் சிறகுகளுக்கும் இடையே கம்பளி போலத் தூசி அடைத்திருப்பது தெரியும். தூரிகையால் தட்டி எடுக்கலாம். காற்று ஊதினால் விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், வேகமாகச் சுற்றவிடக் கூடாது. 2004க்குப் பிறகு வந்த இன்டெல் கணினிகள் பலவற்றில் இந்த விசிறி நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில்தான் நிற்கிறது. அவற்றில் ஒன்று கழன்று ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தாலும் இதே அறிகுறிதான். விசிறிக்கும் பிராசசருக்கும் இடையே உள்ள வெப்பப் பசை பத்தாண்டில் சுண்ணாம்பாகிவிடும். அதை மாற்றுவது கடையில் சில நிமிட வேலை.

நேரம் காலம் இல்லாமல், நீலத் திரையோடு விழுந்தால் ரேமைச் சந்தேகிக்கலாம். விண்டோஸிலேயே ரேம் சோதனை ஒன்று உண்டு. அதைவிடக் கறாரானது மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருள். யு.எஸ்.பி.யில் ஏற்றி, இரவு முழுக்க ஓடவிட்டுக் காலையில் பாருங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது தேர்ச்சி இல்லை. ஆனால் பவர் சப்ளையைப் பற்றி முன்பு சொன்னதை மறந்துவிடாமல், பட்டைகளைத் தனித்தனியாகச் சோதியுங்கள். எல்லாப் பட்டையிலும் பிழை என்றால் பட்டைகள் அத்தனையும் ஒரே நாளில் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு.

கணினி நின்றுவிடாமல் மிக மிக மெதுவானால் ஹார்ட் டிஸ்க்கைக் கேட்க வேண்டும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்துகொள்கிறது. அந்தப் பதிவேட்டுக்கு ஸ்மார்ட் என்று பெயர். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற ஜப்பானிய இலவச மென்பொருள் அதைப் படித்துக் காட்டும். 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளின் கடைசி எண் பூஜ்யமாக இருக்க வேண்டும். சி5, சி6 ஏறுகின்றன என்றால் படிக்க முடியாத பகுதிகள் கூடுகின்றன, அன்றே நகலெடுக்க வேண்டும். சி7 மட்டும் ஏறினால் டிஸ்க்கைப் பழிக்க வேண்டாம். அது பெரும்பாலும் டிஸ்க்கையும் மதர்போர்டையும் இணைக்கும் கேபிளின் பிழை, சில ரிங்கிட்டில் தீரும்.

2000ஆம் ஆண்டுகளின் கணினி வைத்திருப்பவர்கள் மதர்போர்டின் மேல் நிற்கும் உருளைக் கெபாசிட்டர்களையும் பார்க்க வேண்டும். தலை தட்டையாக இருப்பதற்குப் பதில் புடைத்திருந்தாலோ, பழுப்புத் திரவம் கசிந்திருந்தாலோ பழுது அங்கேதான். அக்காலத்தில் உலகெங்கும் தரமில்லாத கெபாசிட்டர்கள் கோடிக்கணக்கில் சந்தைக்கு வந்தன. டெல் நிறுவனம் தன் ஆப்டிபிளெக்ஸ் கணினிகளின் இந்தப் பழுதைச் சரிசெய்ய 2005இல் 30 கோடி அமெரிக்க டாலர் ஒதுக்க நேர்ந்தது. பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி என்றால், பட்டணத்துக் கடையில் பாகம் பாகமாகப் பொருத்தி வாங்கிய கணினியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கிடையில், பழுதே இல்லாத கணினிகளும் குப்பைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11க்கு உங்கள் கணினி தகுதி பெறவில்லை என்ற அறிவிப்பைப் பார்த்து, ஏதோ பாகம் கெட்டுவிட்டதாக நினைக்கிறவர்கள் உண்டு. அது நிறுவனம் வகுத்த தகுதி, கணினியின் நோய் அல்ல. கோளாறு பாகத்திலா மென்பொருளிலா என்று தெரியாதபோது, லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை யு.எஸ்.பி.யிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். டிஸ்க்கில் எதையும் நிறுவத் தேவையில்லை. இரண்டு மணி நேரம் தடங்கலின்றி ஓடினால் ரேம், பிராசசர், பவர் சப்ளை மூன்றின் மீதும் உள்ள சந்தேகம் பெரிதும் குறைந்துவிடும்.

இடியும் வெள்ளமும்

உலகில் இடி மின்னல் மிக அதிகமாக உள்ள நாடுகளில் மலேசியாவும் ஒன்று. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை இடி வழக்கமானது. மின்னல் வீட்டின் மேல் விழ வேண்டும் என்பதில்லை. தூரத்தில் விழுந்தாலும் கம்பி வழியாக ஓர் அதிர்வு வரும். ஸ்திரீமிக்ஸ் இணையம் செப்புத் தொலைபேசிக் கம்பியில் வந்த காலத்தில், இடி மோடத்தைத் தாண்டிக் கணினியின் லேன் துளைவரை வந்துவிடும். இப்போதைய ஒளியிழைக் கண்ணாடியில் மின்சாரம் பாயாது. ஆனால் ரவுட்டரின் மின் அடாப்டர் சுவரில்தானே இருக்கிறது? இடிக்குப் பிறகு இணையம் மட்டும் கிடைக்கவில்லை, மற்றதெல்லாம் நலம் என்றால் லேன் துளை மட்டும் போயிருக்கலாம். யு.எஸ்.பி.யில் செருகும் சிறு வைஃபை கருவி போதும், மதர்போர்டு மாற்ற வேண்டியதில்லை. மழை கறுக்கும்போதே மின்செருகியோடு லேன் வயரையும் பிடுங்கிவிடுவது நல்லது. சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

2006 டிசம்பர், 2007 ஜனவரி வெள்ளத்தையும், 2023 மார்ச் வெள்ளத்தையும் சிகாமட் மாவட்டத்தினர் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீரில் மூழ்கிய கணினியை, வெளியே காய்ந்துவிட்டது என்று இயக்கிப் பார்க்கவே கூடாது. மூழ்கிய ஹார்ட் டிஸ்க்கை வெயிலில் வைப்பதும், திறந்து துடைப்பதும் இருப்பதைக் கெடுக்கும். பெரும்பாலான டிஸ்க்குகளில் காற்றுக்கென்று ஒரு நுண்துளை இருக்கிறது, சேறு அதன் வழியாக உள்ளே போயிருக்கும். படங்கள் அவ்வளவு முக்கியம் என்றால், தரவு மீட்கும் நிறுவனத்திடம் அப்படியே கொடுப்பதுதான் வழி. செலவு கூடுதல்தான்.

கடைக்குப் போகும்போது

சோதனை முடிந்ததும் கடைக்காரரிடம் 'ஓடலைங்க' என்று மட்டும் சொல்லாமல், 'வேறு பவர் சப்ளை போட்டாச்சு, ரேம் இல்லாமல் போட்டால் பீப் வருது, படம் மட்டும் வரலை' என்று சொல்லிப் பாருங்கள். பேச்சே மாறிவிடும். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்பதும் வாடிக்கையாளரின் உரிமை.

எதற்குச் செலவழிக்கலாம்? பவர் சப்ளை, ரேம், மின்கலம், கேபிள் இவற்றுக்குத் தாராளமாக. பவர் சப்ளையைப் புதிதாகவே வாங்க வேண்டும், பழையதை மலிவாக வாங்குவது மிச்சமல்ல. ஹார்ட் டிஸ்க் போயிருந்தால் அந்த இடத்தில் எஸ்.எஸ்.டி. போட்டால், கணினி புதிதாக வாங்கிய நாளைவிட வேகமாக ஓடும். பழைய ரேமை மாற்றும்போது அதன் தலைமுறையைப் பார்த்து வாங்க வேண்டும், டிடிஆர்2 இருந்த துளையில் டிடிஆர்3 உட்காராது. மதர்போர்டே போயிருந்தால் கதை வேறு. 2010ஐ ஒட்டிய போர்டுகள் புதிதாகக் கிடைப்பது அரிது, பழைய போர்டுக்குப் பெரிய தொகை கொடுப்பதில் அர்த்தமில்லை. அப்போது புதுக் கணினிதான்.

கழிக்க முடிவு செய்துவிட்டால், 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளின்படி மின்னணுக் கழிவு எஸ்டபிள்யூ110 என்ற வகையில் வருகிறது. ஈயம் போன்ற உலோகங்கள் உள்ளதால் வீட்டுக் குப்பைத் தொட்டியில் போடுவதோ எரிப்பதோ கூடாது. மின்னணுக் கழிவு வாங்கும் மையத்தில் கொடுக்கலாம்.

எங்கே கொடுத்தாலும், பழைய இரும்பும் நாளிதழும் கேட்டு ஒலிபெருக்கியோடு தெருவில் வரும் லாரியிலேயே ஏற்றினாலும், அதற்கு முன் பக்கத் தகட்டைத் திறந்து அந்த நான்கு திருகுகளைக் கழற்றி ஹார்ட் டிஸ்க்கை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் அடையாள அட்டை நகலும் வங்கிக் கணக்கு விவரமும் இருக்கலாம். தாத்தாவின் காணொளியும் இருக்கலாம்.